மிதி

வரட்டும் என்று சொன்னவள் சீனித்தாய்தான். போன ஞாயிற்றுக்கிழமை அந்தோணியக்கா பேச்சை மெல்ல எடுத்தபோது வெடி விபத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிற அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் முதலில் தரையைப் பார்த்தார்கள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தார்கள். "பெத்துராஜ் அண்ணாச்சி நம்ம கூட வந்து உக்காரணும்ங்கறாரு. அவரு வீட்டம்மா எங்க வாசல்ல நின்னு அழுதுட்டுப் போச்சு. மனுசன் கட்டிலுக்கு அடியிலதான் படுக்காராம். குக்கர் கூவுனா கொல்லப் பக்கம் ஓடிருறாராம். சீனி, நீ வேண்டாம்னா வேண்டாம். உன் வார்த்தைதான்." சீனித்தாய் எச்சில் விழுங்குகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "வரட்டும்க்கா" என்றாள். பக்கத்தில் இருந்த கருத்தப்பாண்டி அண்ணன் தலையை ஆட்டி, "உனக்குப் பெரிய மனசு தாயி" என்றார். பெரிய மனசாம். ஆட்டுக்குக் குழையை நீட்டி வா வா என்று கூப்பிடுகிறவனுக்கு இருப்பது பெரிய மனசு என்றால் இவளுக்கு இருப்பதும் அதுதான். வரட்டும். வந்து உட்காரட்டும். இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம், புதிதாக வருகிறவர் தனக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும், பாதியில் எழுந்து போகக் கூடாது. விசாரணையில் என்ன சொன்னான் அவன்? வெடி ஆபீஸின் போர்மேன், பட்டாசு ஆலையை அந்தப் பக்கத்தில் வெடி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், அத்தனை பெண்களை வேலை வாங்கியவன், வெள்ளைச் சட்டையில் கை கட்டி நின்று என்ன சொன்னான்? "ராமுத்தாய்ங்கற பொம்பள மருந்துத் தட்டத் தரையோட இழுத்துச்சுங்க. அதுல உரசித்தான் தீப் பிடிச்சது." ராமுத்தாய் இவளுடைய தங்கச்சி. செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறாளா? பின் கதவு திறந்துதான் கிடந்தது என்றும் சொன்னான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற சீனித்தாய் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள், அவன் அந்தக் கதவை வெளியிலிருந்து சாத்தித் தாழ்ப்பாளை இழுத்ததை. சொன்னாள். கூடப் பிறந்தவள் அப்படித்தானே சொல்வாள் என்றுவிட்டார்கள். வழக்கு இன்னும் கிடக்கிறது. அவன் வாயிலிருந்தே தாழ்ப்பாள் என்ற சொல் விழ வேண்டும், விழுகிற நேரம் செல்போன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சைப் பிடிக்கிற சிவப்புப் பொத்தான் எது என்று புருஷன் அழகரிடம் ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டு வைத்துக்கொண்டாள். பழைய போன், கொஞ்சம் ஓடினாலே இடமில்லை என்று தானாக நின்றுவிடும். அதனால் அவன் பேச்சு கதவுக்கிட்டே வரும்போது பார்த்து அமுக்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய மனசு.

வாரம் முழுக்க இதையே கறுவிக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி, மகளிர் குழுக் கட்டடத்துப் படியில் செருப்பைக் கழற்றினாள். மஞ்சள் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். அந்தக் கம்பியையே உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தித் தொட்டுவிட்டு உள்ளே போனாள். வெடி ஆபீஸில் வேலை பார்த்த உடம்பு அப்படித்தான். அங்கே அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும், அதைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கிற கரண்டைத் தரைக்கு விட்டுவிட்டுத்தான் மருந்து இருக்கிற இடத்துக்குள் கால் வைக்க வேண்டும். ஆபீஸ் போய்விட்டது, அறை போய்விட்டது, தகடு போய்விட்டது, கை மட்டும் போகிற இடமெல்லாம் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டில் அடுப்படிக்குள் நுழையும் முன் குழாயைத் தொடுவாள். "என்னத்தா, சாமி கும்பிட்டாச்சா?" என்பான் அழகர். கெட்டவன் இல்லை, கேலிக்குத்தான் சொல்கிறான், ஆனால் அந்தக் கேலியில் அவள் ஒவ்வொரு நாளும் ஒரு கொத்து உதிர்ந்து போகிறாள். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாரும் தொட்டுத் தொட்டு அந்த ஜன்னல் கம்பியில் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கிறது. தொட்டால் தொட்டதுதான், அதற்கு விளக்கம் வேண்டாம். விளக்கம் சொல்லாமல் ஓர் இடத்தில் இருக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று விளக்கம் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டவளுக்குத்தான் தெரியும்.

சேர்களை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கதவைப் பார்த்தபடி கிடக்கும் சேர் புதிதாக வருகிறவருக்கு, கதவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முதல் நாளே உட்கார இவர்களில் ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. அதற்கு வலப்பக்கத்துச் சேரைச் சீனித்தாய் பிடித்துக்கொண்டாள். அவன் மூச்சு விடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இவளுக்கு வலப்பக்கம் கருத்தப்பாண்டி அண்ணன் வந்து உட்கார்ந்தார், எதிரே அந்தோணியக்கா, மற்றவர்கள் அங்கிட்டும் இங்கிட்டுமாக. டீயை வெளியே போட்டுப் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தார்கள், இந்தக் கூடத்தில் யாரும் தீக்குச்சி கிழிப்பதில்லை. இவள் கதவைப் பார்த்தாள். மரக் கதவு. அதற்கும் வெளியே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது, போன வாரமே பார்த்து வைத்துவிட்டாள், நல்ல நீளமான தாழ்ப்பாள். எல்லாரும் வெளியே வந்துவிட்டு, அவனை மட்டும் உள்ளே வைத்து, இழுத்து ஒரு போடு போட்டால் எப்படி இருக்கும்? தட்டுவான். அண்ணே அக்கா என்று கூப்பிடுவான். பதில் சொல்லக் கூடாது. படியில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். இந்த நினைப்பு வந்ததும் வயிற்றுக்குள் ஒரு சூடு, சந்தோஷம் மாதிரிதான் இருந்தது, ஆனால் பின்னங்கழுத்தில் வெந்து சுருங்கின தோல் இழுத்தது, காதுக்குள் அந்தப் பழைய விசில் ஆரம்பித்தது, கந்தக வாடை, யாரும் கொளுத்தாத கந்தகம், தொட்டித் தண்ணீரில் மிதந்த காகிதச் சுருள், ரிப்பன், யாருடைய ரிப்பன், சிவப்பா ஊதாவா. வலது கால்மேல் கனமாக ஒரு கால் வந்து விழுந்தது. கருத்தப்பாண்டி அண்ணன் அவளைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஃபேன் என்னமா ஆடுது பாரு, தலையில விழுந்தா அதுக்கும் ஒரு குரூப் ஆரம்பிக்கணும்" என்றார். மிதித்த காலை எடுக்காமலே சொன்னார். கூடம் திரும்பி வந்தது.

இதுதான் இவர்கள் வழக்கம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் அடிக்க வருவார்கள். ஊரில் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் பதறித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், இங்கே வேண்டுமென்றே மிதிக்கிறார்கள். தொடங்கிவைத்தவள் அந்தோணியக்கா. அவள் இதற்கும் முந்தின ஒரு விபத்தில் வெந்தவள், வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் சீனித்தாய் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு, யார் கூப்பிட்டும் காதில் விழாமல் நின்றபோது, முன்பின் தெரியாத அந்தப் பொம்பளை வந்து அவள் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து அழுத்தினாள். எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததால் ஆள் வந்தாள். "கையத் தொட்டா எரியும் உனக்கு. முதுகத் தொட்டா பதறுவ. காலுதான தாயி பாக்கி" என்றாள் அந்தோணியக்கா. அப்புறம் அது பேச்சிலும் ஏறிவிட்டது. உடம்பு சேரில் இருக்க ஆள் விபத்து நடந்த அந்த நாளுக்குள் போய்விடுவதற்குப் பெயர் போயிட்டா. ஏத்தா, சீனி போயிட்டா, மிதி. போயிட்டாரு, அண்ணன மிதி. டாக்டரம்மா நல்லவர்தான், மாத்திரை கொடுத்தார், மூச்சை இழுத்து மெல்ல விடச் சொன்னார், குறை சொல்ல முடியாது. ஆனால் மூச்சை இழுக்க அங்கே ஆள் இருந்தால்தானே. மழைக்காலத்தில் பஸ் சரியில்லை என்று ஒரு தடவை போனிலேயே எல்லார் முகத்தையும் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார்கள். அழகருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, பஸ் காசு மிச்சம், நேரம் மிச்சம். பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது, இவள் போனைப் போட்டுவிட்டு மூலையில் சுருண்டாள். கட்டம் கட்டமாக அத்தனை முகமும் சீனி சீனி என்று கூரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டு என்ன செய்ய, போனுக்குக் கால் இருக்கிறதா?

போன தீபாவளிக்குக்கூட இவர்கள்தான் இருந்தார்கள். நாடே வெடி போட்டுக் கொண்டாடுகிற அன்றைக்கு, வெடி செய்த கைகள் எங்கே போய் ஒளியும்? வேன் பிடித்து, வௌவாலுக்காக வெடி போடாத ஊர் ஒன்று இருக்கிறது, அங்கே போனார்கள். பெரிய ஆலமரம், மேலே ஆயிரக்கணக்கில் தலைகீழாக அதுகள், கீழே சேலையை விரித்து இதுகள். "நம்மளவிட அதுகளுக்கு ஊருக்குள்ள மருவாதி பாத்தியா" என்று கருத்தப்பாண்டி அண்ணன் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தபடியே ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு அப்படியே பகலில் தூங்கினார்கள், சீனித்தாய் கனவில்லாமல் தூங்கினாள். கருத்தப்பாண்டி அண்ணன் லோடு ஏற்றுகிறவர், தீப் பிடித்த அந்த அறையைப் பார்த்து ஓடிப்போய் இரண்டு காதும் கருகியவர். உள்ளே இருந்தது அவர் சம்சாரம் பேச்சி. ராமுத்தாய்க்குப் பக்கத்து இடம் அவளுக்கு. பேச்சியின் அண்ணன் தம்பிகள் சீனித்தாயைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஒருத்தன் துப்பவும் செய்தான், உன் தங்கச்சி தட்ட இழுத்துத்தான எங்க அக்கா கருகிப்போனா என்று. குழாயடியில் அதே பேச்சு. தங்கச்சி மாமியார் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை, குடியைக் கெடுத்தவ என்பதுதான் பெயர். ஒரு சொல், தட்டு, அது போதும், ஒருத்தியைச் செத்த பிறகும் கொன்றுகொண்டே இருக்க. கருத்தப்பாண்டி அண்ணன் மட்டும் ஒரு நாளும் தட்டைப் பற்றிக் கேட்டதில்லை. நம்புகிறாரா இல்லையா, தெரியாது. இவள் போய்விட்டால் மிதிப்பார். தன் பெண்டாட்டியைக் கொன்றவளின் அக்கா என்று நினைத்துக்கொண்டேதான் மிதிக்கிறாரோ என்று சில நாள் தோன்றும், தோன்றினால் சோறு இறங்காது. அந்தத் தட்டை இந்த மனுஷன் மனசிலிருந்தாவது இறக்கி வைக்க வேண்டும். கோர்ட்டு அப்புறம்.

பெத்துராஜ் வந்தான். படியில் செருப்பைக் கழற்றினான். இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவன் கை கம்பிக்குப் போகக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள், போகாவிட்டால் அவன் வேறு சாதி, வெள்ளைச் சட்டைச் சாதி, வெறுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். போனது. பாவி, தொட்டான், எல்லாரும் தொடுகிற அதே இடத்தில், எல்லாரையும்விட அதிக நேரம். உள்ளே வந்தவன் சேரில் உட்கார்ந்து இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டான். இளைத்திருந்தான். இளைக்கட்டும். சட்டைக்குள் இன்னொரு ஆள் புகலாம். அந்தக் காலத்தில் அவன் நடந்து வந்தால் பாக்கு வாசனை முன்னால் வரும், ஏ பிள்ளைகளா, கை ஓடட்டும் வாய் ஓட வேண்டாம் என்பான், ராமுத்தாய் அவன் போனபிறகு அதையே அவன் குரலில் சொல்லிக் காட்டுவாள், பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள், கையெல்லாம் வெள்ளி பூசின மாதிரி மருந்து, வாயைப் பொத்தினால் உதட்டிலும் வெள்ளி. "வாங்கண்ணாச்சி. இங்க பேசுறது இங்கனயே கிடக்கும், வெளிய போகாது. அவசரமில்ல, முதல்லருந்து சொல்லுங்க" என்றாள் அந்தோணியக்கா. இங்கனயே கிடக்கும். அந்த வார்த்தையைக் கேட்டதும் சீனித்தாய்க்கு நெஞ்சில் ஒரு முள் நெருடியது, நெருடட்டும், அந்த ஒப்பந்தம் மனுஷர்களுக்கு, இவனுக்கு இல்லை. போனைக் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்த பிறகு இந்த வட்டத்தில் எவரும் வாயைத் திறக்கப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அப்புறம் எங்கே போய் உட்காருவாள்? தெரியாது. பழி தீர்க்கிறவள் அதற்கெல்லாம் பார்த்தால் முடியுமா, அதையும் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும்.

அவன் பேச ஆரம்பித்தான், பேச்சா அது, தேய்ந்த குரல். தூக்கம் இல்லை என்றான். கண்ணை மூடினால் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வருகிறது என்றான். மத்தாப்பு வெள்ளை, அது என்னுடையது, என்று இவள் நினைத்தாள். காதுக்குள் விசில் என்றான். அதுவும் என்னுடையது. கல்யாண வீட்டுக்குப் போனால் வாசல் எத்தனை என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன் என்றான், வட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் தங்களை அறியாமல் ஆடின. ஆட்டாதீர்கள், அவனுக்காக ஆட்டாதீர்கள். தங்கச்சியை எடுத்துக்கொண்டான், அவள் பேரை எடுத்துக்கொண்டான், இப்போது என் நடுக்கத்தையும் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறான், அடுத்து என்ன, என் சேரா? கொன்றவனும் பறிகொடுத்தவளும் ஒரே பந்தியில். அவன் பேரப்பிள்ளை பலூனை உடைத்ததற்குக் கை நீட்டிவிட்டதைச் சொன்னான், அழுதான், அந்தோணியக்கா டீயை நீட்டினாள், வாங்கக் கையை எடுக்கவில்லை. இவள் காத்திருந்தாள். மீன் கொக்கிக்கிட்டே வந்து வந்து போகிறது. "அன்னைக்குக் காலையிலருந்தே காத்து" என்றான். வந்துவிட்டது. "நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்புல நெறைய பேர உக்கார வச்சிருந்தோம். சீசன். முன் வாசல் பக்கம் மருந்து. காத்துல மருந்து பறக்குதுன்னு..." இப்போது, இப்போது அமுக்க வேண்டும். சீனித்தாய் மடியைத் தொட்டாள். போன் இருந்த பை மடியில் இல்லை. சேருக்கு அடியில் துழாவினாள். இல்லை. தலையைத் தூக்கினால், கதவுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கம்பியில், மஞ்சள் பை ஆடிக்கொண்டிருந்தது.

வெடி ஆபீஸுக்குள் செல்போன் கூடாது. வாசலில் மாட்டிவிட்டு, தகட்டைத் தொட்டுவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போக வேண்டும். எத்தனையோ வருஷம் செய்தது. வாரம் முழுக்கத் திட்டம் போட்டது தலை, ஆனால் படியேறி வந்தது உடம்பு, அது தன் பாட்டுக்கு மாட்டிவிட்டு வந்துவிட்டது. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா? எழுந்து போய் எடுத்து வரலாம், டீ கொட்டிவிட்டது என்று சொல்லலாம், அவள் சேரின் கையைப் பிடித்து எழும்பவும் செய்தாள். "பின் கதவ..." என்றான் அவன். நின்றுவிட்டான். "பின் கதவ..." அவன் கண் கூடத்துக் கதவின்மேல் நின்றது, ஆனால் இந்தக் கதவைப் பார்க்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. கக்கத்திலிருந்து ஒரு கை தானாக வெளியே வந்து காற்றில் எதையோ பிடித்து இழுத்தது, இழுத்தது, வரவில்லை. உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு, கட்டை விரல் தடிமனுக்கு. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "போயிட்டாரு" என்றது ஒரு குரல். மிதிக்க வேண்டியது பக்கத்துச் சேர்க்காரர். அந்தோணியக்கா சத்தம் போடாமல் சொன்னாள், "சீனி, மிதி."

அவள் பாதி எழும்பிய நிலையில் நின்றாள். எதற்கு மிதிக்க வேண்டும்? கிட, அங்கேயே கிட. அங்கே என்ன இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும், அந்த வெள்ளையும் அந்த வாடையும் முடிவே இல்லாமல் சுற்றி வருவதும். எந்தக் கோர்ட்டும் கொடுக்க முடியாத தண்டனையில் அவனாகவே போய் உட்கார்ந்திருக்கிறான், வெளியே தாழ்ப்பாள் போட்ட மாதிரி, உள்ளே நின்று இழுத்துக்கொண்டிருக்கிறான். இதைத்தானே ஆசைப்பட்டாய், படியில் உட்கார்ந்து டீ குடி. அவன் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரித் தூணைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருத்தியின் முகம். ஆனால் அங்கேயே கிடந்தால் சொல்ல மாட்டான். சொல்லாமல் தப்பித்துவிடுவான். தட்டு தங்கச்சி தலையிலேயே நிற்கும். வெளியே பை ஆடுகிறது, அதை எடுக்கப் போகிற நேரத்தில் அவன் அழுது எழுந்து போய்விட்டால் போனது போனதுதான். பையா, இவனா? விடமாட்டேன்டா, உன்னை அங்கே நிம்மதியாக எரிய விடமாட்டேன், இங்கே வா. சீனித்தாய் உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கி, வழக்கமாக மிதிக்கிற மாதிரி மெத்தென்று இல்லை, குதிகாலை வைத்து, ராமுத்தாய்க்காக, பேச்சிக்காக, துப்பின எச்சிலுக்காக, உடம்பில் இருக்கிற பாரம் முழுவதையும் இறக்கி மிதித்தாள். எலும்பு நெரிந்தது அவளுக்கே தெரிந்தது.

அவன் ஆவென்று மூச்சை இழுத்தான். கண் இறங்கி வந்து காலைப் பார்த்தது, காலிலிருந்து மெல்ல ஏறி அவள் முகத்தைப் பார்த்தது. அண்ணாச்சி என்று அத்தனை வருஷம் தலை குனிந்து கூப்பிட்டவள், "சொல்லு" என்றாள். சொல்லுங்க இல்லை. சொல்லு. "பின் கதவ என்ன செஞ்ச?" அவன் காலை உருவிக்கொள்ளவில்லை. "நான்தான் சாத்துனேன்" என்றான். "காத்துக்குச் சாத்தினா நிக்கல. தாழ்ப்பாளப் போட்டேன். போட்டுட்டு நாலு எட்டு போயிருப்பேன். முன் வாசப்பக்கம் குப்புன்னு பிடிச்சது. எப்படிப் பிடிச்சதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது." "தட்ட இழுத்தது யாரு?" கேட்டது கருத்தப்பாண்டி அண்ணன். குறுக்கே பேசக் கூடாது என்ற வழக்கத்தை அந்த மனுஷன் முதல் தடவையாக மீறினார், அந்தோணியக்கா தடுக்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். "யாரும் இழுக்கல. அது நான் சொன்னது. முதலாளி ஆளுக சொல்லச் சொன்னாக, நானும் சொன்னேன். ராமுத்தாய் தட்ட இழுக்கலண்ணே. கதவத் தட்டுச்சு. அண்ணாச்சி, அண்ணாச்சின்னு ரெண்டு கையாலயும் தட்டுச்சு. பேச்சி சத்தமும் கேட்டுச்சு. நான் ஓடி வந்து தாழ்ப்பாளப் பிடிச்சேன். சூடு, கையோட ஒட்டிக்கிச்சு, வரல. அது தட்டிக்கிட்டே இருந்துச்சு."

தட்டு இல்லை, தட்டினாள். இத்தனை காலம் தேடின வார்த்தை, கேட்டாயிற்று. சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. வந்தது சத்தம். தொட்டிக்கரையில் காது விசிலடித்துப்போனவளுக்கு இதுவரை இல்லாத சத்தம், மரத்தில் இரண்டு கை, வளையல் இல்லாத கை, வெள்ளி பூசின கை, தட்டுகிறது. இனி குக்கர் கூவினால் விசில் மட்டும் வராது, இதுவும் வரும். பழியைத் தீர்க்க வந்தவளுக்கு அவன் கொடுத்த பங்கு. கூடம் விலக ஆரம்பித்தது, அண்ணாச்சி, அண்ணாச்சி. வலது கால்மேல் கனமாக வந்து விழுந்தது கருத்தப்பாண்டி அண்ணனின் கால். அவர் கூரையைப் பார்க்கவில்லை, பகடி பேசவில்லை, கருகின காது ஓரம் கண்ணீர் ஓட, "நானும் நம்பிட்டேன் தாயி" என்றார். "நம்பிக்கிட்டேதான் மிதிச்சேன். மன்னிச்சிரு." அவள் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். ஒரு கால் அவர் காலுக்கு அடியில், ஒரு கால் இவன் கால்மேல். இரண்டையும் எடுக்க முடியாது, எடுத்தால் எல்லாருமே போய்விடுவார்கள் போலிருந்தது. ஒருவர் பின் ஒருவராக வட்டத்தில் எல்லாருடைய காலும் அடுத்தவர் காலைத் தேடிப் போயிற்று. தெருவில் ஒரு மாட்டு வண்டி போயிற்று, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

புதிதாக வந்தவரிடம் கடைசியில் பக்கத்துச் சேர்க்காரர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுவும் வழக்கம். சீனித்தாய்க்கு முதல் நாள் அந்தோணியக்கா சொன்னது, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தை ஓட்டினாள். இப்போது அது இவள் முறை. எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். பை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, போன் ஒன்றையும் பிடிக்கவில்லை, அவன் நினைத்தால் நாளைக்கே இல்லை என்றுவிடலாம். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அடுத்த வாரமும் வரணும்" என்றாள். அவன் தலையை ஆட்டினான். "வந்து மறுபடி முதல்லருந்து சொல்லணும். அதுக்கு அடுத்த வாரமும் சொல்லணும். கோர்ட்டுல நின்னு சொல்ல வாய் வார வரைக்கும் இங்க உக்காந்து சொல்லிக்கிட்டே இருக்கணும். நடுவுல போயிட்டன்னா நான் மிதிப்பேன்." அவன் வாரேன் என்றான். சத்தம் வெளியே வரவில்லை. "கேக்கல" என்றாள். "வாரேன் தாயி" என்றான். அப்புறம்தான் சீனித்தாய் காலை எடுத்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.